கச்சானில எந்தப் புரதம் பிள்ளையைப் பிடிக்குது? விசுவமடுவில இருந்து ஒரு கேள்வி

விசுவமடு_அம்மா (ஞாயிறு, இரவு 9.50)

வணக்கம் எல்லாருக்கும். நான் இஞ்ச வாசிக்கிறதோட சரி, எழுதுறது இதுதான் முதல்தரம், பிழை இருந்தாப் பொறுங்கோ. என்ர சின்னவனுக்கு வாற ஆவணியோட 4 வயசு. வைகாசியில வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போனனாங்கள், அங்க அவன்ர அப்பம்மா கச்சான் அல்வாவில ஒரு துண்டு கடிச்சுக் குடுத்தவ, பெருவிரல் நகமளவுதான் இருக்கும். அஞ்சு நிமிசம் போகேல்லை, சொண்டு வீங்கி காது ரெண்டும் சிவந்து கழுத்தில இருந்து வயிறு மட்டும் தடிப்புத் தடிப்பா வந்து சத்தி எடுத்து, பேந்து நெஞ்சு இழுக்கத் தொடங்கீட்டுது. அங்க நிண்ட முதலுதவிக்காரர் தூக்கிக்கொண்டு ஓடினபடியால் தப்பினான், ஆஸ்பத்திரியில தொடையில ஊசி போட்டு ஒரு இரவு வச்சிருந்து பாத்திட்டுத்தான் விட்டவை.

பேந்து ஒரு இடத்தில ரத்தம் குடுத்தம். றிப்போட்டில கச்சான் 22, சோயா 0.9, எள்ளு 0.6, கஜு 0.5. 0.35-க்கு மேல எல்லாம் பொசிற்றிவ்வாம், நாலையும் நிப்பாட்டுங்கோ எண்டு சொல்லி ரெண்டு நிமிசத்தில அனுப்பீட்டினம். இதில பகிடி என்னெண்டா இவன் சோயா மீற் எண்டா உயிரை விடுவான், திரிபோஷாச் சத்துமாவிலயும் சோயாதானே, அதில உருண்டை பிடிச்சுக் குடுத்துத்தான் வளத்தனான். வீட்டில நல்லெண்ணெய் இல்லாமல் ஒண்டும் தாளிக்கிறேல்லை. இனி நான் என்னத்தைக் குடுக்கிறது.

எல்லாத்துக்கும் மேல நாங்கள் கச்சான் செய்யிற ஆக்கள். ஒண்டரை ஏக்கர். மாசியில பிடுங்கிக் குவிச்சு முத்தத்தில இருந்து ஆயேக்க இவன் சாக்கில படுத்து நித்திரை கொள்ளுவான்.

என்ர கேள்வி இதுதான். கனடாவில ஸ்காபரோவில இருக்கிற சொந்தக்காரப் பிள்ளைக்கு "கச்சானுக்குள்ள எந்தப் புரதம்" எண்டு பிரிச்சுப் பாத்தவையாம். அப்பிடி ஒரு ரெஸ்ற் உண்மையா இருக்கோ? அதைப் பாத்து என்ன பிரயோசனம்?

காவிரிக்கரை (ஞாயிறு, இரவு 10.12)

அக்கா கச்சான்னா நிலக்கடலையா? முந்திரியா? குழம்பிட்டேன்.

மாங்குளம்_மச்சான் (ஞாயிறு, இரவு 10.15)

நிலக்கடலைதான் தம்பி. நாங்கள் கடலை எண்டா உங்கட கொண்டைக்கடலை. உங்கட முந்திரி எங்களுக்கு கஜு, மரமுந்திரிகை எண்டும் சொல்லுறது. இலங்கைக்கு வந்து "கடலை குடுங்கோ" எண்டு கேட்டு ஏமாந்த கனபேரைப் பாத்திருக்கிறன்.

நெத்தலியாற்றான் (ஞாயிறு, இரவு 10.40)

பிள்ளை, பயப்பிடாதை. எங்கட காலத்தில உப்பிடி ஒரு வருத்தமும் இருக்கேல்லை. நான் சின்னனில கச்சான் காய்ஞ்ச குவியலுக்கு மேல ஏறி விளையாடினவன், மடி நிறையக் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனவன். இப்ப எல்லாத்துக்கும் ஒரு றிப்போட். கொஞ்சம் கொஞ்சமாக் குடுத்துப் பழக்கினாச் சரிவரும்.

வவுனியா_லாப்பு (ஞாயிறு, இரவு 11.05)

ஐயா, கையெடுத்துக் கும்பிடுறன், அந்தக் கடைசி வசனத்தை ஒருதரும் கேட்டு வீட்டில செய்யாதேங்கோ. தோல் தடிப்பு, சத்தி, இழுப்பு மூண்டும் ஒண்டா வந்த பிள்ளை. அடுத்தமுறை இதைவிடக் கூடவும் வரலாம்.

"அந்தக் காலத்தில இல்லை" எண்டதுக்கும் ஒரு சொல். 1921-ல ஜேர்மனியில கியூஸ்ட்னர் எண்ட டொக்டருக்கு மீன் ஒத்துக்கொள்ளாது. அவற்ற ரத்தத்தில இருந்து சீரம் எண்ட தெளிஞ்ச நீரை எடுத்து கூட வேலை செய்த பிராஸ்னிற்ஸ் தன்ர தோலில குத்திப்போட்டு, அடுத்தநாள் அதே இடத்தில மீன்சாறைக் குத்தினார், தடிச்சு எழும்பீட்டுது. மீனால ஒண்டும் வராத மனிசன். அப்ப ரத்தத்துக்குள்ள ஏதோ ஒரு சாமான் இருக்கெண்டு விளங்கீட்டுது, ஆனா அது என்னெண்டு பிடிக்க இன்னும் 45 வரியம் போச்சு, 1966-ல அமெரிக்காவில வேலை செய்த ஜப்பான் தம்பதி, இஷிசாகா எண்டு, அவைதான் பிடிச்சவை. எதிரியெண்டு நினைக்கிறதில போய் ஒட்டுற அந்தச் சாமானைத்தான் இப்ப ஐஜிஈ (IgE) எண்டிறம். உங்கட றிப்போட்டில இருக்கிற 22-ம் 0.9-ம் அந்தச் சாமான்ர கணக்குத்தான் அக்கா. நாளைக்கு லீவு, இருந்து வடிவா எழுதுறன்.

வவுனியா_லாப்பு (திங்கள், காலை 10.20)

சரி, நீட்டா வரும், தேத்தண்ணியோட இருங்கோ.

உங்கட ரெஸ்ற்றில முழுக் கச்சானையும் அரைச்சு எடுத்த சாறைத்தான் பிள்ளையின்ர ரத்தத்தோட சேத்துப் பாத்தது. அந்தச் சாறுக்குள்ள ஒரு புரதம் இல்லை, கனக்க இருக்கு. கச்சான் பருப்பின்ர நிறையில காவாசிக்குக் கிட்டப் புரதம்தான். முளைக்கப்போற கன்றுக்கு தாய்ச்செடி கட்டிக்குடுத்த சோத்துப் பார்சல் எண்டு வையுங்கோவன். அதில ஒருசில புரதத்தைத்தான் உங்கட மகன்ர உடம்பு எதிரியெண்டு பிடிச்சு வச்சிருக்கு. எது எண்டதுதான் கேள்வி.

இதை முதல்ல எப்பிடிக் கண்டுபிடிச்சவை எண்டா, கச்சானை அரைச்சு எண்ணெயை முழுக்கக் கழுவி எடுத்துப்போட்டு மிஞ்சின மாவை உப்புத்தண்ணி மாதிரி ஒண்டில கரைப்பினம். அதை ஜெல் எண்டு ஒரு களி மாதிரித் தட்டில விட்டு கரண்ட் குடுக்கிறது. நீங்கள் நெல்லு தூத்தினனீங்கள்தானே, காத்தில பதர் தூரப்போகும் மணி காலடியில விழும். அதே கதைதான், சின்னப் புரதம் தூர ஓடும், பெரிசு கிட்ட நிண்டிடும். அப்ப தட்டில ஏணிப்படி மாதிரிக் கோடு கோடா நிக்கும். அந்தக் கோடுகளை அப்பிடியே ஒரு தாள் மாதிரிச் சவ்வில ஒத்தி எடுத்து, அதுக்கு மேல அலர்ஜி உள்ள பிள்ளையின்ர சீரத்தை ஊத்தினா அவன்ர ஐஜிஈ தன்ர எதிரி இருக்கிற கோட்டில மட்டும் போய் ஒட்டும், மற்றதை விட்டிடும். கழுவிப்போட்டு ஐஜிஈ-யில ஒட்டுற நிறம் போட்ட இன்னொரு சாமானை விட்டா அந்தக் கோடு மட்டும் பளிச்செண்டு தெரியும். நான் படிக்கேக்க முதல்தரம் இதைச் செய்தனான், வெறும் வெள்ளைத் தாள், ஒரு இருபது நிமிசத்தில எங்கயோ இருந்து மண்ணிறக் கோடு ஒண்டு மேல வந்திச்சு, ஆற்றயோ பெயர் தெரியாத பிள்ளையின்ர வருத்தம் அது, இண்டைக்கும் கண்ணுக்குள்ள நிக்குது.

அந்தக் கோட்டை வெட்டி எடுத்து அமினோ அமிலம் என்ன வரிசையில கோத்திருக்கெண்டு வாசிப்பினம். இப்பிடி அமெரிக்காவில பேர்க்ஸ் எண்ட பிள்ளை வைத்தியரும் அவரோட நிண்டவையும் 1991-ல பிடிச்சதுதான் அரா எச் 1, அடுத்த வரியம் அரா எச் 2. பேர் பெரிய விசயமில்லை, கச்சான்ர விஞ்ஞானப் பேர் அராகிஸ் ஹைபோகேயா, அதில முதல் மூண்டெழுத்து, அடுத்த சொல்லில முதலெழுத்து, பேந்து கண்டுபிடிச்ச வரிசை நம்பர். கஜுவுக்கு அனா ஓ 3, எள்ளுக்கு செஸ் ஐ 1, எல்லாம் இதே மாதிரி வச்ச பேர்தான்.

ஐஜிஈ ஒட்டினாப்போல வருத்தம் எண்டில்லை அக்கா. அதுதான் உங்கட றிப்போட்டில உள்ள சிக்கல், பின்னேரம் சொல்லுறன், மனிசி கூப்பிடுது.

மாங்குளம்_மச்சான் (திங்கள், காலை 10.31)

சீரியல் மாதிரி தொடரும் போட்டுட்டுப் போட்டார்

ஸ்காபரோ_சித்தி (திங்கள், பகல் 1.15)

என்ர மகள்தான் அந்தச் சொந்தக்காரப் பிள்ளை எண்டு நினைக்கிறன் ஹி ஹி. தங்கச்சி, அவவுக்கு 9 வயசு. அவவுக்குக் கச்சான் சாப்பிட்டா வாய் கடிக்கும், தொண்டை சொறியும், அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில அதுக்குள்ளயே பெரிய அமளி, தனிய இருத்திச் சாப்பிட வச்சவை, பிள்ளை அழுது அழுது வந்தவ. பேந்து புரதம் பிரிச்சுப் பாத்ததில அரா எச் 8 மட்டும்தான் பொசிற்றிவ், அரா எச் 2 இல்லை. டொக்டர் சிரிச்சுக்கொண்டு சொன்னார் இது கச்சான் அலர்ஜி இல்லை, பேர்ச் மரத்தின்ர பூந்தூள் அலர்ஜியெண்டு. இஞ்ச வசந்த காலத்தில அந்த மரம் பூத்துக் கொட்டும், எல்லாருக்கும் மூக்கு ஓடும். அந்தப் பூந்தூளில இருக்கிற புரதமும் கச்சானில இருக்கிற அரா எச் 8-ம் அண்ணன் தம்பி மாதிரி ஒரே சாயலாம், உடம்பு ஆள் மாறாட்டம் செய்யுதாம். சூட்டிலயும் வயித்திலயும் அழிஞ்சுபோகும் எண்டபடியால் வாயோட நிண்டிடும். பேந்து ஆஸ்பத்திரியில வச்சு கொஞ்சம் கொஞ்சமாத் திண்ணக் குடுத்துப் பாத்திச்சினம், ஒண்டும் இல்லை.

வவுனியா_லாப்பு (திங்கள், மாலை 6.40)

சித்தி சொன்னதைவிட வடிவா என்னால சொல்லேலாது. ஒரே கச்சான், ரெண்டு பிள்ளையள். ஒருத்திக்கு அரா எச் 8, வாய்க்கடியோட சரி. மற்றவனுக்கு அனேகமா அரா எச் 2 ஆ இருக்கும், உயிருக்கு வந்து நிண்டுது. முழுக் கச்சான் ரெஸ்ற்றில ரெண்டும் "பொசிற்றிவ்" எண்டுதான் வரும்.

அரா எச் 2 ஏன் இவ்வளவு பொல்லாதது எண்டா, ஆள் சின்னன், ஆனா உள்ளுக்குள்ள நாலு இடத்தில கந்தகக் கட்டுப் போட்டு இறுக்கி வச்சிருக்கு. கச்சான் மூட்டையைச் சாக்கூசியால நாலு பக்கமும் இழுத்துத் தைச்ச மாதிரி. வறுத்தாலும் கெதியில அவிழாது, வயித்து அமிலமும் செரிமான நொதியும் கடிச்சாலும் பெரிய துண்டு தப்பிக் குடலுக்குப் போய் ரத்தத்தில ஏறும். அதுக்கு அரா எச் 6 எண்டு ஒரு இரட்டையும் இருக்கு. இந்த வகைக்கு 2எஸ் அல்புமின் எண்டு பேர். கஜுவின்ர அனா ஓ 3, எள்ளின்ர செஸ் ஐ 1, கடுகின்ர சின் ஏ 1 எல்லாம் இந்தக் குடும்பம்தான். குடும்பம் ஒண்டெண்டாப்போல ஒண்டுக்கு வந்தவனுக்கு எல்லாத்துக்கும் வரும் எண்டில்லை. ஆனா கஜுவும் பிஸ்தாவும் கிட்டத்தட்ட ஒட்டிப்பிறந்ததுகள், கஜு ஒத்துக்கொள்ளாதவன் பிஸ்தாவையும் தொடாமல் இருக்கிறதுதான் புத்தி.

இந்த விசயத்தில எனக்குப் பிடிச்ச கதை ஒண்டு இருக்கு. சோயாவில சத்துக் கூட்டுறதுக்கெண்டு பிரேசில் கொட்டையின்ர ஒரு புரதத்தை சோயாவுக்குள்ள மரபணு மாத்திப் புகுத்தினவை. பேந்து பிரேசில் கொட்டை அலர்ஜி உள்ள ஆக்களின்ர சீரத்தை வச்சுப் பாத்தா ஐஜிஈ போய் அந்தச் சோயாவில ஒட்டுது. புகுத்தினதே அலர்ஜிப் புரதம், அதுவும் ஒரு 2எஸ் அல்புமின். 1996-ல அந்த ஆய்வு வெளிவந்தது, அந்தச் சோயா சந்தைக்கு வரேல்லை. ஆளைத் தெரிஞ்சிருந்தபடியால் பிடிபட்டுது.

இப்ப உங்கட சோயா 0.9-க்கு வாறன். கச்சானும் சோயாவும் அவரை இனம், புரதங்கள் ஒண்டை ஒண்டு பாத்து எழுதின மாதிரி. கச்சான் அலர்ஜிப் பிள்ளையளில கனபேருக்கு ரத்தத்தில சோயா பொசிற்றிவ் காட்டும், உண்மையில சாப்பிட்டு வருத்தம் வாறது கொஞ்சப்பேருக்குத்தான். உங்கட மகன் நாள்தோறும் சோயா மீற் திண்டுகொண்டு ஓடித்திரியிறான் எண்டா அந்தச் சாப்பாட்டுக் கோப்பைதான் பெரிய ரெஸ்ற். ஒரு கடதாசியைப் பாத்து அதை நிப்பாட்டினா சத்தும் போகும், சிலவேளை பழகின உடம்பு பழக்கத்தை விட்டுட்டு பேந்து உண்மையாவே அலர்ஜியா மாறவும் கூடும். டொக்டரோட கதைச்சு முடிவெடுங்கோ.

எங்கட பக்கத்துக்கு இன்னொண்டும் இருக்கு. கானா நாட்டுப் பள்ளிக்கூடப் பிள்ளையளைப் பாத்து 2013-ல வந்த ஆய்வில, கச்சான் ஐஜிஈ கூட இருக்கு ஆனா கச்சான் தின்ன ஒண்டும் வராத பிள்ளையள் கனபேர். அவையின்ர ஐஜிஈ புரதத்தில இல்லை, புரதத்தில தொங்குற சீனிச் சங்கிலியில ஒட்டுது. உடம்புக்குள்ள இருந்த புழுவிலயும் அதே மாதிரிச் சீனி. பேர்ச் மரம் வன்னியில இல்லை, வயித்துப் பூச்சிக்கு மருந்து குடிக்கிற பிள்ளையள் இருக்கினம். கச்சான் 22 எண்டு காட்டி ஒண்டும் வராத பிள்ளையும் உலகத்தில இருக்கு எண்டதுக்குச் சொல்லுறன், உங்கட மகனுக்கு வந்தது வந்ததுதான்.

சிலாவத்துறையான் (திங்கள், இரவு 8.05)

நல்ல இழை. என்ர சந்தேகம் ஒண்டு. எங்கட பக்கம் கொண்டச்சியில கஜுத் தோட்டம், சின்னனில விழுந்த கொட்டையைப் பொறுக்கி நெருப்பில சுட்டுத் தின்னுறது. தகரத்தில போட்டா எண்ணெய் கக்கி பக்கெண்டு பத்தும், அந்தப் புகை கண்ணுக்கை போனா ஆள் சரி. என்ர தங்கச்சிக்கு அந்தக் கொட்டைப்பால் பட்டு சொண்டைச் சுத்திக் கொப்பளிச்சு தோல் கருகி உரிஞ்சு போச்சு, இண்டைக்கும் நாடியில மாறாத அடையாளம். அப்ப அவவுக்குக் கஜு அலர்ஜியோ? 20 வரியமா ஒரு பருப்பு வாயில வைக்கிறேல்லை பாவம், கலியாண வீட்டில புரியாணியில கிடக்கிறதைக்கூடப் பொறுக்கிப் பொறுக்கிப் போடுவா.

வவுனியா_லாப்பு (திங்கள், இரவு 8.50)

அண்ணை அது வேற கதை. ஓட்டுக்குள்ள இருக்கிற எண்ணெய் சுட்டது, புரதமே இல்லை, அனகார்டிக் அமிலம் கார்டோல் எண்டு சாமான்கள். மாங்காய்ப்பால் சொண்டில பட்டாச் சுடுதே, கஜுவும் மாவும் ஒரே குடும்ப மரம்தான். அதுக்கு ஐஜிஈ-யோட தொடர்பில்லை, அஞ்சு நிமிசத்தில இழுப்பும் வராது, ஒண்டு ரெண்டு நாளில தோல் பொங்கும். உள்ளுக்குள்ள இருக்கிற பருப்பின்ர புரதத்துக்கு வாற அலர்ஜிதான் ஆபத்து. தங்கச்சி பருப்பைத் திண்டு ஒருநாளும் ஒண்டும் வராட்டில் அவ 20 வரியம் வீணாப் போட்டா. எண்டாலும் நான் சொன்னதெண்டு நாளைக்கே ஒரு பிடி அள்ளிப் போடவேண்டாம், காட்டிப்போட்டுத் தொடங்கச் சொல்லுங்கோ.

சிலாவத்துறையான் (திங்கள், இரவு 8.58)

தங்கச்சிக்கு வாசிச்சுக் காட்டினன். அழுறதோ சிரிக்கிறதோ எண்டு தெரியேல்லையாம்.

முல்லை_பாலர்ரீச்சர் (செவ்வாய், மாலை 4.30)

நான் பாலர் பாடசாலை ரீச்சர். பிறந்தநாள் எண்டா டொபி, கச்சான் தட்டு, எள்ளுப்பாகு எண்டு எல்லாம் வரும், இந்த வரியம் ஒரு அம்மா வந்து மகனுக்குக் கச்சான் கூடாதெண்டு சொன்னவ, நானும் ஓமெண்டு தலையாட்டினனே தவிர வந்தா என்ன செய்யிறதெண்டு ஒண்டும் தெரியாது. பிரிற்றன் எண்ட அலர்ஜிச் சிரப் ஒரு போத்தில் தந்திருக்கிறா. அது காணுமோ?

வவுனியா_லாப்பு (செவ்வாய், இரவு 7.20)

ரீச்சர் காணாது. பிரிற்றன் தடிப்பையும் சொறியையும் அடக்கும், மூச்சை மீட்காது. நெஞ்சு இழுத்தா, குரல் மாறினா, பிள்ளை சோந்து விழுந்தா உடன அட்ரினலின்தான், தொடையின்ர வெளிப்பக்கத் தசையில. ஒரு கிலோவுக்கு 0.01 மில்லிகிராம் கணக்கு. பேனை மாதிரி வாற ஊசி வெளிநாட்டில எல்லாற்ற பையிலயும் கிடக்கும், எங்கட பக்கத்தில நான் கண்டது குறைவு, அதால அந்த அம்மாவை டொக்டரோட கதைச்சு ஒரு பிளானை எழுத்தில வாங்கித் தரச் சொல்லுங்கோ. உடன 1990 அம்புலன்ஸ் நம்பருக்கு அடியுங்கோ. பிள்ளையைப் படுக்க வச்சு காலை உயத்துங்கோ, மூச்சுக் கஷ்டமெண்டா இருத்தி வையுங்கோ, எழும்பி நடக்க விடாதேங்கோ. சுகமாகீட்டுது எண்டு வீட்ட அனுப்பவும் கூடாது, சிலபேருக்கு சில மணித்தியாலத்தால திரும்பவும் வரும்.

நெத்தலியாற்றான் (செவ்வாய், இரவு 9.00)

தம்பி கோவிக்காதை, நான் படிச்சவனில்லை. ஆனா ஒண்டு கேக்கிறன். என்ர பேரன் சீனாக்காரர் எங்களைவிடக் கூடக் கச்சான் தின்னுறவையெண்டும் அங்க இந்த வருத்தம் குறைவெண்டும் சொல்லுறான். அவை அவிச்சுத் தின்னுறதாலயாம். நாங்களும் பச்சைக் கச்சானைப் பிடுங்கின கையோட உப்புப் போட்டு அவிச்சுத்தானே தின்னுறது. அப்ப அவிச்சதைக் குடுத்தா என்ன?

வவுனியா_லாப்பு (செவ்வாய், இரவு 9.45)

ஐயா, இது படிச்சவையும் கேட்ட கேள்விதான், உங்கட பேரன் கெட்டிக்காரன். உலர வறுக்கேக்க சூடு கூட, கச்சான்ர சீனியும் புரதமும் சேந்து அந்த மண்ணிறமும் வாசமும் வருதே, அதோட புரதத்தில ஐஜிஈ இன்னும் இறுக்கி ஒட்டுது எண்டு கண்டிருக்கினம். அவிக்கேக்க சூடு குறைவு, சின்னப் புரதங்களில ஒரு பங்கு தண்ணிக்குள்ள இறங்கீடும், அந்த அவிச்ச தண்ணியைத்தான் நாங்கள் ஊத்துறம். அப்ப ஒட்டுறது குறையும். குறையும் ஐயா, இல்லாமல் போகாது. நகமளவு அல்வாவுக்கு விழுந்த பிள்ளைக்கு அவிச்ச கச்சானும் நஞ்சுதான். சில நாடுகளில ஆஸ்பத்திரிக்குள்ள வச்சு அவிச்சதில தொடங்கி மெல்ல மெல்லக் கூட்டிப் பழக்கிப் பாக்கினம், பக்கத்தில ஊசியோட டொக்டர் நிப்பார். நீங்கள் முதல் சொன்ன "கொஞ்சம் கொஞ்சமா"-வும் அதுதான், முத்தத்தில செய்யிற வேலை இல்லை எண்டதுதான் வித்தியாசம்.

நெத்தலியாற்றான் (செவ்வாய், இரவு 9.52)

விளங்குது. பிள்ளை விசுவமடு, நான் சொன்னதை விடு.

ஸ்காபரோ_சித்தி (புதன், காலை 5.10)

அந்தப் பழக்கிற வைத்தியத்துக்குக் கச்சான் மாவிலயே மருந்து செய்திருக்கினம், அமெரிக்காவில 2020-ல 4 தொடக்கம் 17 வயசுப் பிள்ளையளுக்கு அனுமதி குடுத்தது. 2024-ல ஐஜிஈ-யையே கட்டிப்போடுற ஒமலிசுமாப் ஊசிக்கும் குடுத்திட்டினம், ஒரு வயசில இருந்து. விலையைக் கேட்டா மயக்கம் வரும், அது வேற கதை.

தம்பி லாப்பு, இன்னொண்டு. விசுவமடுத் தங்கச்சியின்ர மகன் சாக்கில படுக்கிறவன் எண்டு எழுதியிருந்தா. அதால வந்திருக்குமோ?

விசுவமடு_அம்மா (புதன், காலை 6.00)

ஐயோ அதைத்தான் நானும் கேக்க நினைச்சுப் பயத்தில கேக்காமல் இருந்தனான். அவனுக்கு மூண்டாம் மாசம் தொடக்கம் கன்னத்திலயும் முழங்கை மடிப்பிலயும் கரப்பன். அதோட தங்கச்சியின்ர பிள்ளைக்கு இப்ப 5 மாசம், அதுக்கும் கரப்பன் தொடங்குது. அதுக்குக் கச்சானே காட்டக்கூடாதோ?

வவுனியா_லாப்பு (புதன், இரவு 8.15)

அக்கா, உங்கட மகனுக்கு எதால வந்ததெண்டு ஒருத்தராலயும் கை வைச்சுச் சொல்லேலாது, உங்களை நீங்களே குத்தாதேங்கோ. பொதுவாச் சொல்லுற விளக்கம் இதுதான். கரப்பன் உள்ள தோல் ஓட்டை விழுந்த வேலி. தோலால முதல் உள்ளுக்குப் போற புரதத்தை உடம்பு கள்ளனெண்டு பிடிக்கும், வாயால போறதை விருந்தாளியெண்டு எடுக்கும். ஆரு முந்திறது எண்டதுதான் விசயம்.

லண்டனில கிடியோன் லாக் எண்ட டொக்டர் இஸ்ரேல் யூதப் பிள்ளையளையும் இங்கிலாந்து யூதப் பிள்ளையளையும் ஒப்பிட்டுப் பாத்தவர். இங்கிலாந்தில கச்சான் அலர்ஜி பத்து மடங்கு கூட. இஸ்ரேலில குழந்தையளுக்கு சின்னனிலயே கச்சானில செய்த பொரி மாதிரிச் சாமான் குடுக்கிறவை. பேந்து கடும் கரப்பன் அல்லது முட்டை அலர்ஜி உள்ள 640 குழந்தையளை, 4 தொடக்கம் 11 மாசத்துக்குள்ள எடுத்து, ஒரு பாதிக்குக் கச்சான் குடுத்து மற்றப் பாதிக்குக் குடுக்காமல் 5 வயசு மட்டும் பாத்திச்சினம். 2015-ல முடிவு வந்தது: குடுக்காத பக்கம் 17.2 வீதம் அலர்ஜி, குடுத்த பக்கம் 3.2. அதுக்கு முதல் வரியக்கணக்கா "3 வயசு மட்டும் காட்டாதேங்கோ" எண்டு சொன்ன புத்திமதியெல்லாம் தலைகீழாப் போச்சு.

ஆனா உங்கட தங்கச்சி இதை வாசிச்சிட்டு நாளைக்குக் குடுக்கவேண்டாம். அந்த ஆய்விலயும் முதல் தோலில குத்திப் பாத்து, ஏற்கெனவே பெரிசாத் தடிச்ச குழந்தையளை விலத்தினவை. கரப்பன் கடுமையெண்டா முதல் காட்டிக் கேட்டுட்டுக் குடுக்கோணும். முழுக் கொட்டை அந்த வயசில ஒருநாளும் கூடாது, புரையேறிப் போகும், மாவாக் கரைச்சுத்தான். கரப்பனுக்கு மருந்து வடிவாப் பூசச் சொல்லுங்கோ, ஆயிற முத்தத்தில படுக்க வைக்கவேண்டாம்.

விசுவமடு_அம்மா (5 கிழமைக்குப் பிறகு, சனி, இரவு 9.15)

எல்லாரும் மறந்திருப்பியள். கொழும்புக்குப் போய் வந்தனாங்கள். இரவு பஸ், விடிய நாலரைக்குப் போய் இறங்கினது, இவன் வழிநெடுக என்ர மடியில. புரதம் பிரிச்சுப் பாத்தாச்சு. தம்பி சொன்னமாதிரி அரா எச் 2 தான், 18 எண்டு போட்டிருக்கு, அரா எச் 1 கொஞ்சம், 8 இல்லவே இல்லை. கஜுவின்ர அனா ஓ 3 இல்லை. டொக்டர் ஆறுதலா இருந்து கதைச்சவர், சோயாவை நிப்பாட்டாதேங்கோ எண்டிட்டார். எள்ளு சாப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளை எண்டாலும் நிப்பாட்டி ரெண்டு மாசம் ஆனபடியால் அங்கயே வச்சு அரைச்ச எள்ளைத் துளித்துளியாக் குடுத்துப் பாத்தவை. ஒவ்வொரு கரண்டிக்கும் நான் அவன்ர சொண்டையே பாத்துக்கொண்டு இருந்தனான், அவன் "இன்னும் தாங்கோ" எண்டான். ஒண்டும் வரேல்லை. கஜுவுக்கு வேற நாள் தந்திருக்கினம். அட்ரினலின் ஊசியில அளவு அடைச்சுத் தந்து எப்பிடிப் போடுறதெண்டு ஒரு தோடம்பழத்தில ரெண்டுதரம் குத்திப் பழக்கினவை, அப்பம்மாவுக்கும் சேத்து.

வீட்டுக்கு வந்து முதல் வேலையா எள்ளுருண்டை பிடிச்சன். கச்சான் இந்தமுறை செய்யேல்லை எண்டு இவர் சொல்லுறார், உழுந்து போடலாமாம், பாப்பம், கடன் இருக்கு.

ரெண்டு கேள்வி மிச்சம். கோயிலில கடலை வாங்கிக் குடுக்கலாமோ, அது அவனுக்கு ஒத்துக்கொள்ளும். மற்றது மூத்தவளுக்குக் கச்சான் எண்டா ஆசை, அவளைத் தடுக்கவும் மனம் வரேல்லை.

வவுனியா_லாப்பு (சனி, இரவு 10.02)

அக்கா சந்தோசம். அரா எச் 2 எண்டது நல்ல செய்தி இல்லைத்தான், ஆனா இனி எதிரி ஆரெண்டு தெரியும், சோயாவையும் எள்ளையும் சந்தேகத்தில பிடிச்சு அடைக்கத் தேவையில்லை, கஜு மட்டும் தந்த நாள் வரைக்கும் பொறுக்கட்டும்.

கோயில் கடலை வேண்டாம். கச்சான் வறுக்கிற தாச்சியைப் பாத்திருப்பியள், மணலைச் சூடாக்கி அதுக்குள்ள கச்சானைப் போட்டுக் கிளறி அரிச்சு எடுப்பினம், பேந்து அதே மணலுக்குள்ள கடலை, அதே அரிதட்டு, அதே கையால சுருளில கட்டுறது. உடைஞ்ச கச்சான்ர தூள் முழுக்க அந்த மணலுக்குள்ள. வீட்டில அவிச்சுத் தாளிச்சுக் கொண்டுபோங்கோ.

மூத்தவள் வெளியில திண்டுட்டு வரட்டும். வந்த உடன கையையும் வாயையும் சவுக்காரம் போட்டுக் கழுவோணும். கொரோனாக் காலத்துச் சானிடைசர் மிச்சம் கிடந்தா அதை நம்பவேண்டாம், கிருமி சாகும், புரதம் கையிலயே இருக்கும்.

விசுவமடு_அம்மா (சனி, இரவு 10.10)

கிணத்தடியில சவுக்காரத்தைக் கட்டித் தொங்கவிட்டாச்சு. மூத்தவள் இப்பவே மூஞ்சையை நீட்டுறாள்.